ஸ்டாக்ஹோமில் ஒரு ‘பர்லி பர்லி’

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். பஸ்ஸுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு நாள் முழித்தேன்.

ஊர் ஸ்டாக்ஹோம், ஸ்வீடன் நாட்டின் தலைநகரம். ஜூன் மாதத்துக் காலை வெயில் நம் ஊர் மார்கழி வெயில் போல இதமாக இருந்தது. ஊரைச் சுற்றிக் காட்டும் பெரிய வெள்ளைப் பஸ் ஒன்று அரண்மனைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முன் இருக்கையைப் பிடிக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் முன்பே வந்து காத்திருந்தவன், வண்டி நின்றதும் நேராக இடது பக்கம் ஓடினேன்.

வாசலைக் காணோம்.

தகரத்தைத் தடவிக்கொண்டே பின்னால் வரை போனேன். திரும்பி முன்னால் வந்தேன். தலைக்கு மேல் ஒரு ஜன்னல் திறந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். நீலச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. விரலை வட்டமாகச் சுழற்றி, சுற்றிக்கொண்டு வா என்று காட்டினார். அவர்தான் டிரைவர்.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அந்த ஊரில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகின்றன. டிரைவர் உட்காருவது இடது கோடியில், வாசல் இருப்பது வலது பக்கம். மைசூரில் பஸ் வாசலை இடது பக்கமே பார்த்துப் பழகிய என் காலுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு சினிமாத் திரை அளவுக்குக் கண்ணாடி. பக்கத்தில் ஸ்டீரிங். அந்தப் பெண்மணி அதை ஒற்றை விரலால் திருப்பினார். என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்:

“அட சாமி! வெண்ணெய்ல கத்தி விட்டாப்புல திரும்புதே!”

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “அண்ணை, நீங்கள் தமிழோ?”

திரும்பிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவும் அவர் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பூப்போட்ட பாவாடையும் மேலே தடித்த கம்பளிச் சட்டையும் போட்டிருந்தார். கணவர் மடியில் ஒரு நீளக் குடை. யாழ்ப்பாணத்துக்காரர்கள். முப்பது வருஷமாகப் பக்கத்து நாடான நார்வேயில் குடியிருக்கிறார்களாம். ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் ஊர் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். மலர் அக்கா, சிவம் அண்ணன்.

“தமிழ்தானுங்க. மைசூரு” என்றேன்.

“மைசூரோ? அது கன்னட இடமெல்லே?”

“ஆமாங்க. நாங்க கொள்ளேகால் பக்கம், ஹனூருங்க. அங்க நெறையத் தமிழ் ஜனம்.”

மலர் அக்காவுக்கு ஹனூரும் தெரியவில்லை, கொள்ளேகாலும் தெரியவில்லை. அதுவரை வாயே திறக்காத சிவம் அண்ணன் மட்டும் முகம் மலர்ந்து, “மைசூர்ப் பாகு!” என்றார். அன்று முழுக்க அவர் என்னை அழைத்ததே அப்படித்தான்.

வண்டி பிறந்த ஊர்

நான் ஏன் ஸ்டாக்ஹோமுக்குப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். மைசூரில் யாரிடம் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். லண்டன் போகலாம், சிங்கப்பூர் போகலாம், அதென்ன ஸ்வீடன்?

என் சர்வீஸின் கடைசிப் பத்து வருஷம் மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஏ.சி. பஸ் ஓட்டினேன். அது ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பு. அப்படி ஒரு வண்டியை அதற்கு முன் நான் தொட்டதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி ஐந்தாவது கியர் போட்டால் இன்ஜின் சத்தமே கேட்காது. பிரேக் போட்டால் பயணிகள் மடியில் இருக்கிற தூங்கும் குழந்தை கூட அசையாது. இதைச் செய்தவர்கள் எப்படிப்பட்ட ஊரில் இருப்பார்கள் என்று தினமும் நினைப்பேன். ரிடையர் ஆன பிறகும் அந்த நினைப்பு போகவில்லை.

மகள் கவிதாவிடம் ஒரு நாள் சொன்னேன். அவள் செல்போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, உங்க பஸ்ஸ ஜோடிச்சது ஹொசகோட்டையில. பெங்களூருக்கு அந்தண்ட. சும்னே ஒரு ஆட்டோ புடிச்சா போய்ட்டு வந்துரலாம்.”

“ஜோடிச்சது அங்க. பொறந்தது ஸ்வீடன்ல” என்றேன். விட்டுக் கொடுக்கவில்லை.

பாஸ்போர்ட், விசா எல்லாம் கவிதாதான் பார்த்தாள். மனைவி சரோஜாவையும் கூப்பிட்டேன். அவள் முறத்தில் துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

“ஏனுங்க, எனக்கு அக்ரஹாரத்துக் கோயில் வரைக்கும் போனாலே முட்டி வலிக்குது. அந்தக் குளுருல நா எதுக்குங்க? நீங்க போய்ட்டு வாங்க. உங்களுக்குத்தான் வண்டிப் பைத்தியம்.”

சொல்லிவிட்டு மறுநாளே தேவராஜ மொஹல்லாவுக்குப் போய் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லாய், காலுறை அரை டஜன் வாங்கி வந்தாள். அறுபத்தொரு வயதில் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக ஒரு பயணம். அதற்கு முன் நான் போன இடத்துக்கெல்லாம் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மீன் ஊறுகாயும் ஏலக்காய் பன்னும்

ஐந்து நாள் இருந்தேன். சந்தோஷம் தலைக்கேறிய ஐந்து நாட்கள்.

முதல் நாள் காலை ஓட்டலில் ஒரு கண்ணாடி ஜாடியைப் பார்த்தேன். வெங்காயமும் மிளகும் மிதந்தன. ஊறுகாய் என்று நினைத்துப் பெரிய கரண்டியால் போட்டுக்கொண்டேன். வாயில் வைத்தால் மீன். அதுவும் இனிக்கிற மீன்! துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அதையே தேடிப் போய் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

இன்னொரு அதிசயம், அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஏலக்காய் பன் விற்கிறார்கள். முறுக்கிச் சுற்றிய பன், மேலே நொறுக்கிய ஏலக்காய். கடைப் பக்கம் போனாலே பாயச வாசனை. ஏலக்காய் விளைவது நம் குடகில், சக்லேஷ்புரத்தில். மணப்பது வடதுருவத்துக்குப் பக்கத்தில்! கடைக்காரப் பெண்ணிடம் மார்பில் கை வைத்து, “மை கன்ட்ரி, ஏலக்கி!” என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, ஒரு பன் கூடுதலாக வைத்துக் கொடுத்தாள்.

நகரமே தீவுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாலம் தாண்டினால் தீவு, தீவு தாண்டினால் பாலம். பஸ்ஸுக்குப் பதில் படகில் ஏறி ஆபீஸுக்குப் போகிறார்கள். நான் காலையில் ஏறிய படகிலேயே நாலு தடவை போய்த் திரும்பி வந்தேன். டிக்கெட் பார்ப்பவர் நாலாவது தடவை என்னைப் பார்த்து சல்யூட் அடித்தார்.

இரண்டாம் நாள் ஒரு மியூசியத்துக்குப் போனேன். அங்கே ஒரு கப்பலையே கூரைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ராஜா கட்டிய மரக் கப்பல். முதல் பயணம் கிளம்பி, கரையில் கை காட்டிக்கொண்டிருந்தவர்களின் கண்முன்னாலேயே கவிழ்ந்ததாம். முன்னூறு வருஷத்துக்கு மேல் கடலுக்கடியில் கிடந்ததைத் தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள்.

கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேலே மேலே அடுக்கு, பீரங்கி, சிங்கம், ராஜா பொம்மை. கீழே பார்த்தால் ஒடுங்கிய அடிவயிறு. வழிகாட்டிப் பெண் ஒரு கூட்டத்துக்கு இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். ஏன் கவிழ்ந்தது தெரியுமா என்று அவர் கேட்ட மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

“மேடம்! டாப் லோடு!”

“எக்ஸாக்ட்லி!” என்றார் அவர்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சந்தை நாளில் கூரை மேல் முப்பது மூட்டை ராகி ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பியவனுக்குத் தெரியாதா, கப்பல் ஏன் சாய்ந்தது என்று? அந்த ராஜா ஒரு நல்ல டிரைவரைக் கேட்டிருக்கலாம்.

ரோடு முடிந்தது

இனி அந்த வெள்ளைப் பஸ்ஸுக்கு வருகிறேன்.

டிரைவரின் பெயர் ஆனிகா. மலர் அக்கா கேட்டுச் சொன்னார். நார்வே பாஷையில் பேசினால் ஸ்வீடன்காரர்களுக்குப் புரியுமாம், நாம் கன்னடத்தில் பேசினால் தெலுங்குக்காரர் பாதியைப் பிடித்துக்கொள்வது போல. வழிகாட்டி என்று தனியாக ஆள் இல்லை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் அது பேசும். பதினைந்து பாஷை இருந்தது, தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. மலர் அக்காதான் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“இஞ்சை முந்தி எல்லாரும் உங்கட நாட்டைப்போல இடப்பக்கமாய்த்தான் ஓடினவையாம். பிறகு ஒரு நாளிலை முழு நாடும் வலப்பக்கம் மாறினதாம்.”

“ஒரே நாள்லயா?”

“ஓம். ஒரு நாளிலை.”

எங்கள் மைசூரில் அப்படி ஒரு உத்தரவு வந்தால் என்று யோசித்தேன். பாதிப் பேர் இப்போதே வலப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்குச் சிரமமே இருக்காது.

வண்டி பெரிய ரோட்டை விட்டு, மரங்கள் அடர்ந்த ஒரு தீவின் ஓரமாகப் போகும் சின்ன ரோட்டில் நுழைந்தது. வழக்கமான வழியில் ஏதோ வேலை நடப்பதாகப் பலகை வைத்திருந்தார்கள். வலது பக்கம் தண்ணீர், கைப்பிடிச் சுவர் கூட இல்லை. ஓரத்தில் நாலடி புல்தரை, அப்புறம் சட்டென்று கீழே கடல். இடது பக்கம் ஆளுயரக் கருங்கல் சுவர்.

ஒரு வளைவு திரும்பியதும் ஆனிகா பிரேக் போட்டார். எதிரே ஒரு மோட்டார் படகு ரோட்டில் குறுக்கே கிடந்தது. அதை ஏற்றி வந்த இழுவண்டியின் சக்கரம் கழன்று, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு பேர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நகர்த்த வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகுமாம். முன்னால் போக வழியில்லை, திரும்ப இடமில்லை. வந்த வழியே பின்னால்தான் எடுக்க வேண்டும். இருநூறு அடி, நடுவில் அந்த வளைவு.

ஆனிகா ஒரு திரையைத் தட்டினார். பின்பக்கத்தைக் காட்டும் கேமராத் திரை. கறுப்பாகவே இருந்தது. காலையிலிருந்தே அது வேலை செய்யவில்லை என்று மலர் அக்காவிடம் சொன்னார். வழக்கமாக ஓட்டும் வண்டியும் அது இல்லையாம், மாற்று வண்டி. சொல்லும்போது அவர் கழுத்து சிவந்திருந்தது.

உயரமான ஒரு பயணி உதவுகிறேன் என்று இறங்கிப் பின்னால் போனார். கண்ணாடியில் பார்த்தேன். மாலை போட வருகிறவர் மாதிரி இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டிக்கொண்டிருந்தார். வா என்கிறாரா, நில் என்கிறாரா என்று அவருக்கே தெரியாது. ஆனிகா ஓரடி எடுத்தார், நிறுத்தினார். மறுபடி ஓரடி. பின்னால் சைக்கிள்காரர்கள் மணியடிக்க ஆரம்பித்தார்கள்.

நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன்.

இந்தத் தொடரில் நான் மறைத்தது

சில மாதங்களுக்கு முன்னால் இந்தப் பத்திரிகைத் தொடரில், எங்கள் ஹனூருக்கு அப்பால் நான் பஸ் ஓட்டிய மாதேஸ்வரன் மலைப் பாதையைப் பற்றி இரண்டு வாரம் எழுதினேன். கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலம், யானை மறித்தது எல்லாம் எழுதினேன். வாசகர்கள் பலர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அந்த மலையை விட்டு ஏன் வந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. ஏ.சி. பஸ் கிடைத்தது, வந்தேன் என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை.

ஒரு ஐப்பசி மாதம். அடைமழை. மலையிலிருந்து இறங்கும்போது எதிரே ஒரு லாரி வளைவில் மாட்டிக்கொண்டது. நான் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். கண்டக்டர் ரங்கசாமி, “ஜனங்கள எறக்கிரலாங்கண்ணா” என்றான். மழை கொட்டுகிறது, வண்டிக்குள் கைக்குழந்தைகள், நேரமும் ஆகிவிட்டது. “வேண்டாம், நா பாத்துக்கறன்” என்றேன். அத்தனை வருஷ அனுபவம் கொடுத்த திமிர்.

பின் சக்கரம் ஓரத்து மண்ணை உடைத்துக்கொண்டு இறங்கியது. வண்டி சாய்ந்தது. ஐம்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஃபர்ஸ்ட் கியரில் போட்டு மிதித்தேன். மாதேஸ்வரன் புண்ணியம், சக்கரம் பிடித்து மேலே ஏறியது. யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. கீழே வந்ததும் எல்லோரும் என் கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். காப்பாற்றிவிட்டாய் என்றார்கள். அவர்களை இறக்கிவிடாமல் அந்த ஆபத்தில் வைத்ததே நான்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு பல நாள் காபி டம்ளரைப் பிடித்தால் கை ஆடும். மாசம் திரும்புவதற்குள் சமதளத்து ரோடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படித்தான் ஏ.சி. பஸ் வந்தது. டிப்போவில் எல்லோரும் அதைப் பிரமோஷன் என்று சொல்லி ஸ்வீட் கேட்டார்கள். நானும் வாங்கிக் கொடுத்தேன். வீட்டிலும் அப்படியே சொன்னேன்.

‘சாக்கு’

ஸ்டாக்ஹோமில் அந்த வளைவில் உட்கார்ந்திருந்தபோது மழை நாள் முழுசாக நினைவுக்கு வந்தது. எழுந்தேன்.

“அக்கா, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. நானும் டிரைவர்தானுங்க. முப்பத்தொரு வருஷம், மலை ரோடு. ரிவர்ஸ் நா சொல்றன். ஆனா மொதல்ல எல்லாரையும் எறக்கணும். ஒருத்தர் கூட உள்ள இருக்கக்கூடாதுங்க.”

மலர் அக்கா சொன்னார். ஆனிகா கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மைசூர் ஸ்வெட்டர், வேட்டி இல்லாத குறையாகத் தொளதொள பேண்ட். என்ன நினைத்தாரோ, மைக்கை எடுத்து எல்லோரையும் இறங்கச் சொன்னார்.

நாற்பது பேரும் இறங்கிச் சுவரோரம் நின்றார்கள். சிவம் அண்ணனிடம், “அண்ணா, நீங்க பின்னாடி போய் சைக்கிளுங்கள நிறுத்துங்க” என்றேன். அவர் அந்த நீளக் குடையைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். அரண்மனை வாசலில் பார்த்த காவல்காரர்கள் கூட அப்படி நடக்கவில்லை.

நான் வலது பின் சக்கரத்துக்குப் போய், “பர்லி!” என்று கன்னடத்தில் குரல் கொடுத்தேன். வரட்டும் என்று அர்த்தம். வண்டி அசையவில்லை. ஹார்ன் அடித்தது. மறுபடி, “பர்லி!” மறுபடி ஹார்ன். அப்புறம்தான் விளங்கியது. டிரைவர் இடது பக்கம் இருக்கிறார். வலது பின்பக்கம் நிற்கிற என்னை அவர் எப்படிப் பார்ப்பார்? இடது பக்கம் போனால் அவர் என்னைப் பார்க்கலாம், ஆனால் தண்ணீரோரம் போகும் சக்கரத்தை நான் பார்க்க முடியாது.

“அக்கா! நீங்க அந்தப் பக்கம் கண்ணாடில தெரியற மாதிரி நில்லுங்க. நா இங்கிருந்து சொல்றன், நீங்க அவங்களுக்குக் காட்டுங்க.”

“ஐயோ அண்ணை, எனக்கு உது தெரியாதே!”

“நா சொல்றத அப்படியே சொன்னாப் போதுமுங்க.”

அக்கா கம்பளிச் சட்டையின் கையை மேலே ஏற்றிக்கொண்டு நின்றார். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் புல்லில் குந்தினேன்.

“பர்லி... பர்லி... பர்லி...”

மறுபக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. “பர்லி! பர்லி! பர்லி!” அவர் அதை நார்வே பாஷையில் மாற்றவே இல்லை. வண்டி அழகாகப் பின்னால் வந்தது. ஆனிகாவுக்குக் கன்னடம் புரிந்துவிட்டது!

வளைவு வந்தது. “லெஃப்ட்ல கட் பண்ணச் சொல்லுங்க... இன்னும்... இன்னும்... பர்லி...” சுவரோரம் நின்றவர்களில் யாரோ “பர்லி” என்றார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் ஜப்பான்காரர், ஜெர்மன்காரர், அந்த உயரமான ஆசாமி என்று நாற்பது பேரும் ஒரே குரலில் “பர்லி, பர்லி” என்று கத்தினார்கள். மைசூர் சப்-அர்பன் பஸ் ஸ்டாண்டில் தசரா கூட்டத்தில் கூட அப்படி ஒரு ‘பர்லி’ நான் கேட்டதில்லை.

அப்போது பார்த்தேன். சக்கரத்துக்கு வெளியே புல் விளிம்பு மெல்லக் கீழே அமுங்கியது. ஒரு மண்கட்டி உருண்டு தண்ணீரில் விழுந்தது.

“சாக்கு! சாக்கு!” என்று கத்தினேன். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். அவசரத்தில் வாயில் அதுதான் வந்தது.

“சாக்கோ?” என்றார் மலர் அக்கா. “சாக்கு இப்ப ஏன்? ஆரிட்டைக் கேக்கிறது?”

சக்கரம் இன்னும் ஓர் அரையடி உருண்டது.

“ஸ்டாப்!”

அது எல்லா நாட்டுக்கும் தெரிந்த சொல். நாற்பது பேரும் சேர்ந்து கத்தினார்கள். வண்டி நின்றது.

சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே என் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண். எழுந்து ஆனிகாவின் ஜன்னலுக்கு ஓடினேன். அவர் முகம் வெளுத்திருந்தது. ஸ்டீரிங்கை எப்படி ஒடிக்க வேண்டும், எவ்வளவு முன்னால் எடுத்து நேராக்க வேண்டும் என்று வெறும் கையால் காட்டினேன். அதற்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. அவர் தலையாட்டினார். ஆறடி முன்னால் எடுத்தார். சக்கரம் தார் ரோட்டின் மேல் ஏறியது. மறுபடி நான் ஓடிப் போய்க் குந்தினேன். இந்தத் தடவை சுவரை ஒட்டி, அங்குலம் அங்குலமாக வளைவைத் தாண்டினோம்.

கடைசி அறுபது அடி நேர் ரோடு. எழுந்து வண்டிக்குப் பக்கவாட்டில் நடந்துகொண்டு, பின்பக்கத் தகரத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டி அழைத்து வந்தேன். சிவம் அண்ணன் குடையை உயர்த்தி முப்பது சைக்கிள்களைக் காத்துக்கொண்டிருந்தார்.

பெரிய ரோட்டில் வண்டி நின்றதும் எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜப்பான்கார அம்மா ஒருவர் குனிந்து குனிந்து வணக்கம் சொன்னார். நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் குனிந்துகொண்டிருந்தோம்.

ஆனிகா இறங்கி வந்து என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார்.

“தன்ரை கை நடுங்குதாம், உங்கட கை நடுங்கேல்லையாம். எப்பிடி எண்டு கேக்கிறா” என்றார் மலர் அக்கா.

என் கையைப் பார்த்தேன். புல்லும் சேறும் ஒட்டியிருந்தது. ஆடவில்லை.

“பழக்கமுங்க, அக்கா” என்று மட்டும் சொன்னேன். 

கடைசி நிறுத்தம்

மீதி நகரத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. டவுன் ஹால் வந்தது, கோபுரங்கள் வந்தன, பாலங்கள் வந்தன. யாராவது ஒருவர் என் தோளைத் தட்டி மிட்டாய் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசி நிறுத்தத்தில் ஆனிகா மைக்கை என்னிடம் நீட்டினார். ஏதாவது சொல் என்று சைகை. மைக்கில் பேசிப் பழக்கமில்லை. தெரிந்த ஒன்றையே, எங்கள் கண்டக்டர்கள் கன்னடத்தில் இறங்கச் சொல்லிக் கூவுவதையே, அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டேன்:

“மைசூரு, மைசூரு, மைசூரு! லாஸ்ட் ஸ்டாப்! இளீரி, இளீரி, எல்லா இளீரி!”

ஸ்டாக்ஹோம் அரண்மனை வாசலில் நாற்பது பேரும் சிரித்துக்கொண்டே மைசூரில் இறங்கினார்கள்.

மலர் அக்காவும் சிவம் அண்ணனும் விடைபெற்ற பிறகு தண்ணீரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே மாலை நாலு மணி, மைசூரில் ஏழரை. சரோஜாவுக்குப் போன் போட்டேன். பஸ், படகு, பர்லி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, மழை நாளில் மலையில் நடந்ததையும் சொன்னேன். ஜனங்களை இறக்காமல் விட்டதைச் சொன்னேன். ஏ.சி. பஸ் பிரமோஷன் இல்லை, பயந்து கேட்டு வாங்கியது என்றும் சொன்னேன்.

மறுபக்கம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“தெரியுமுங்க” என்றாள்.

“என்ன தெரியும்?”

“எல்லாந்தான். அந்த வாரமே ரங்கசாமி சம்சாரம் மார்க்கெட்ல வெத்தல வாங்கறப்பச் சொல்லிட்டா.”

“பதினோரு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. அதுக்கு இத்தன தூரம் போகணும்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே டிக்கெட் எடுத்து அனுப்பியிருப்பன்ல?”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் தன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.